கூழ் அண்டாவும் ஒரு கொலைக்கதையும்

போன வாரம் நம் குடியிருப்புக் கோயிலில் பஜனை முடிந்து, கையில் சுண்டலோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது மாடிப் பெண் குழந்தை மடியில் ஒரு தடிப் புத்தகம் வைத்திருந்தாள். அந்தக் காலத்து ராஜா கதையாம். அரண்மனையில் ஒருவர் செத்துக் கிடக்கிறாராம், கொன்றது யார் என்று ஒரு சின்னப் பெண் கண்டுபிடிக்கிறாளாம். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதியதாம். "இந்த வயசுல கொலைக்கதை எதுக்கு? தேவாரம் சொல்லிக் குடுங்க" என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். அந்தக் குழந்தையின் அம்மா முகம் வாடிப்போய்ப் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. எட்டாவதோடு நின்றவள் நான். கூட்டத்தில் பேசினால் எனக்குக் கோர்வையாக வராது, எழுதினால் கொஞ்சம் வரும். நீங்களும் என் வயதுக்காரர்கள்தான், ஆடி மாதத்துக் கூழ் குடித்து வளர்ந்தவர்கள்தான். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெரு அன்றைக்கு ஒற்றையடிப் பாதையை விடக் கொஞ்சம் அகலம். ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறுமுனையில் ஏரிக்கு இறங்கும் வழி. மழை நாளில் தவளைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. எங்கள் அப்பாவை நைனா என்போம்; அவருக்குத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் வேலை. அந்தச் சித்திரையில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகிப் பிழைப்பாரா மாட்டாரா என்று இருந்தது. பிழைத்தார். "என் தாலியக் காப்பாத்துனா ஆடிக் கூழுக்கு அண்டா தேய்ச்சிக் குடுக்கறேன், அடுப்பெரிக்கறேன்" என்று அம்மா ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் தெருவுக்கு சைக்கிளில் ஒரு லைப்ரரி அண்ணன் வருவார். இரண்டு பக்கமும் பை தொங்கும், பை நிறைய வாரப் பத்திரிகை. வாசித்து முடித்துக் கிழிந்துபோன பத்திரிகைகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை ஒட்டி வைத்திருப்பார். அப்படி ஒரு சிறுவர் தொடர்கதை எங்களிடம் வந்தது. முதல் பக்கம் இல்லாததால் அதற்குப் பெயரும் இல்லை. கடைசி வாரமும் இல்லை. பக்கத்துக்குப் பின்னால் பல்பொடி விளம்பரமும் பாதி ஜோக்கும் இருக்கும். பசை வாசனை, அதன்மேல் யார் வீட்டுக் குழம்போ தெறித்த வாசனை. இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது.

கதை இதுதான். பழைய காலத்து ராஜ்ஜியம். வெற்றி விருந்தில் சாப்பிட்ட கிழத் தளபதி விடியும்போது பிணமாகக் கிடக்கிறார். விருந்து பரிமாறிய வேலைக்காரி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்று அவளைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். அரண்மனை வைத்தியரின் மகள், அக்கா வயதுதான், அதை நம்பாமல் தனியாக விசாரிக்கிறாள். அவள் யாரைப் பார்த்தாலும் ஒன்றுதான் கேட்பாள்: நீ எந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டாய்?

இந்தக் கதையை நாங்கள் வீட்டில் படிக்கவில்லை. ஏரிப்பக்கத்துக் கடைசி வீட்டில், தையல் அக்கா வீட்டில் படித்தோம். அவருக்கு வீட்டுக்காரர் உண்டு. பட்டாபிராம் பக்கம் வேலைக்குப் போனவர் திரும்பவேயில்லை. ஒரு தையல் மெஷினும் ஒரு கட்டிலும்தான் சொத்து. எழுத்து தெரியாது, கதை என்றால் உயிர். அக்கா சத்தமாகப் படிப்பாள், அவர் காலால் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பார். கட்டம் முற்றும்போது மெஷின் நின்றுவிடும்.

"இரு இரு, ஊசி வெரல்ல ஏறிடப் போவுது. அந்த மந்திரி கீறான் பாரு, அவன் மேலதான் எனக்கு டவுட்டு. தேனொழுகப் பேசறான்."

"மந்திரி இல்லக்கா, சேனாதிபதி தம்பி" என்பேன் நான்.

"நீ சொம்மா இருடி, குட்டிப் போலீசு" என்று காதைத் திருகுவார்.

ஆடி பிறந்தது. வருஷா வருஷம் கோயில் பாத்திரம் எல்லாம் தர்மகர்த்தாவின் சம்சாரம் பொறுப்பு. அந்த ஆடியில் அவர் தன் மகளின் பிரசவத்துக்குப் பூந்தமல்லி போய்விட்டார். அதனால் பெரிய அண்டாவை அம்மா கேட்டு வாங்கி வந்தாள், சின்ன அண்டாவைப் பூசாரி வீட்டில் கழுவினார்கள். எங்கள் வீட்டில் பித்தளை என்று சொல்ல ஒரு காமாட்சி விளக்குதான். அம்மா பிறந்த வீட்டிலும் மண்சட்டியும் அலுமினியமும்தான். புளியும் செங்கல் தூளும் மணலும் போட்டுத் தேங்காய் நாரால் அந்த அண்டாவை ஒரு முழுப் பகல் தேய்த்தாள். உள்ளே இறங்கி உட்கார்ந்து தேய்த்தாள். கை தோல் உரிந்து எரிந்தது. சாயங்காலம் பார்த்தால் உள்ளும் புறமும் தங்கமாக ஜொலித்தது. தெருவே வந்து எட்டிப் பார்த்தது.

சனிக்கிழமை கூழ் காய்ச்சி இரண்டு அண்டாவிலும் ஊற்றி மூடி வைத்தார்கள். மறுநாள் காலையில் கரைக்க வேண்டும். கரைக்கக் கை போதவில்லை. "நான் வர்ட்டா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்ட தையல் அக்காவைப் பூசாரி கூப்பிட்டுக்கொண்டார். ஒரே தவலையில் இருந்த மோரை இரண்டு அண்டாவிலும் ஊற்றி, உப்புப் போட்டு, தோள்பட்டை வரை கூழாக அவர் கரைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அவர் கூழ் குடிக்கவில்லை. பொங்கல் வைத்துப் படைக்கிற வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அவருக்கு ஒரு விரதம்.

பெரிய அண்டா ஆண்கள் வரிசைக்கு. சின்னது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நைனா ஒரு செம்பு குடித்துவிட்டு, "இன்னாவோ ஒரு கசப்பு அடிக்குது" என்றார். "வாய்ல இன்னும் காமாலக் கசப்பு கீது, வேற இன்னா" என்றாள் அம்மா.

மத்தியானத்துக்குள் தெரு கவிழ்ந்தது. வீட்டுக்கு வீடு ஆண்கள் வாந்தி. நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். அவர் எடுத்த வாந்தி பச்சையும் நீலமுமாக இருந்ததைப் பார்த்து அம்மா அலறியது இப்போதும் கேட்கிறது. எதிர் வீட்டுத் தாத்தா, கம்பெனியில் காவல்காரராக இருந்தவர், நினைவு தப்பி விழுந்தார். லாரி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை குழாயடியில் பேச்சு ஆரம்பித்தது. ஆத்தா கோபம் என்று முதலில் சொன்னார்கள். ஆத்தா கோபம் என்றால் ஆண்களை மட்டும் ஏன்? அப்போது பால்காரம்மா சொன்னார்:

"ஆத்தா ஏம்மா சொந்தப் புள்ளைங்களுக்கு வெஷம் வெக்கப் போறா? மோர் ஊத்துனது யாரு, கரைச்சது யாரு? ஊரே குடிக்குது, அவ மட்டும் ஒரு வாய் குடிக்கல. இன்னா காரணம்? போன வாரம்தான தண்ணிக்காக தர்மகர்த்தாவாண்ட சண்ட போட்டா? புருஷன் வுட்டுட்டுப் போனவ. ஆம்பளைங்கன்னா அவளுக்கு ஆவாது. இன்னொண்ணு கேளு. வெஷம் வெச்சு சாவடிக்கிற கதய அந்தப் பொண்ணுங்கள வுட்டுப் படிக்கச் சொல்லி நெதம் கேட்டுகினு இருந்தா. என் காதால நானே கேட்டேன்."

அன்று சாயங்காலம் தர்மகர்த்தாவும் நாலு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவரும் வாந்தி எடுத்துக் கன்னம் ஒட்டிப்போயிருந்தார். அக்கா கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினார்.

"படிம்மா இத்த. இங்க இன்னா எய்திக்கீது?"

அக்கா படித்தாள். "தளபதியின் உணவில் நஞ்சு கலந்திருக்கிறது..."

"போதும். கேட்டீங்களா எல்லாரும்? படிப்பு சொல்லிக் குடுக்கறானுங்க, படிப்பு!"

கட்டிலில் கிடந்த நைனா தலையைத் தூக்கி, "அது கதைங்க" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெம்பு இல்லை.

தர்மகர்த்தா வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள அவ ஊட்டக் காலி பண்ணணும். பெரியவர் கண்ண மூடிட்டாருன்னா அது கொலக் கேசு. போலீசு வந்து ஜடையப் புடிச்சி இஸ்துகினு போவும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

புத்தகத்தைக் கோயில் அடுப்பில் போட்டுவிட்டார்கள். நாங்கள் கொலைகாரன் யார் என்று தெரிந்துகொள்ளவே இல்லை. பிற்பாடு லைப்ரரி அண்ணனைக் கேட்டதற்கு, "அந்த வாரத்த யாரோ வடை மடிச்சிட்டாங்கம்மா" என்றார்.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. தையல் அக்கா வீட்டு ஓட்டின்மேல் கல் விழும். குழாயில் அவர் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்தார்கள். தைக்கக் கொடுத்த துணியை, பாதி தைத்ததைக்கூட, திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏரியில் இறங்கிப் பாசி விலக்கித் தண்ணீர் மொண்டார். கடைக்குப் போக எங்கள் வாசலைத் தாண்டிப் போவார், தலை நிமிராது. அம்மா எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். அம்மாவும் நம்பினாள். அவள் நம்பாமல் என்ன செய்வாள்? புருஷன் பச்சையாக வாந்தி எடுத்ததைப் பார்த்தவள்.

அக்கா மட்டும் சாப்பிடாமல் கொள்ளாமல் இருந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "எல்லாரும் யாருக்கு யார் மேல கோவம்னே பேசிகினு கீறாங்க. வைத்தியர் பொண்ணு இன்னா கேப்பா?" என்றாள்.

"எந்தப் பாத்திரத்துல துன்னன்னு கேப்பா."

தரையில் கரியால் பெரிய வட்டம் ஒன்று, சின்ன வட்டம் ஒன்று போட்டாள். வாந்தி எடுத்தவர்களுக்குப் புளியங்கொட்டை, எடுக்காதவர்களுக்குச் சோளம். வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வைத்தோம். கொட்டை எல்லாம் பெரிய வட்டத்தில் விழுந்தது. எதிர் வீட்டுத் தாத்தாவின் பேரன் ஆண்கள் வரிசையில் அடம்பிடித்துக் குடித்தவன், அவனும் வாந்தி. பூசாரி கால் வலி என்று பெண்கள் வரிசைப் பக்கம் உட்கார்ந்து குடித்தவர், அவருக்கு ஒன்றும் இல்லை.

"ஆம்பளைன்னு இல்லடி" என்றாள் அக்கா. "அண்டா. மோர் ஒரே தவலையில இருந்துதான் ஊத்துச்சி அந்தக்கா. வெஷம் மோர்ல இருந்தா நீயும் நானும் வாந்தி எடுத்திருக்கணும்."

கோயிலுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். களேபரத்தில் யாரும் சரியாகக் கழுவவில்லை. இருவரும் சேர்ந்து முதலில் சின்னதைப் புரட்டினோம். உள்ளே மங்கலான வெள்ளை, தகரம் மாதிரி. பிறகு பெரியது. உள்ளே மஞ்சள் பித்தளை. ஒட்டியிருந்த கூழ் காய்ந்த இடமெல்லாம் பச்சை. விரலால் சுரண்டினால் மயில்துத்தம் போல நீலப் பச்சையாக நகத்தில் ஏறியது.

"களிம்பு" என்றாள் அக்கா. "எங்க சயன்சு டீச்சர் சொன்னாங்க. பித்தளைல புளிச்சது வெச்சா வெஷமாவும். அதுக்குத்தான் உள்ள ஈயம் பூசறது. இதுல ஈயம் எங்கடி?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வெள்ளையை அழுக்கு என்று நினைத்து, ஆத்தாளுக்கு ஆகாது என்று, கை எரிய எரியச் சுரண்டி எடுத்தது யார் என்று இருவருக்கும் தெரியும்.

அக்கா என் வாயைப் பொத்தினாள். "மூச்சு வுட்ட, அவ்ளோதான். அம்மாவ இஸ்துகினு போவாங்க. தாத்தா செத்துட்டா அம்மா கொலகாரி."

"அப்ப அந்தக்கா?"

அவள் அழுதாள்.

சனிக்கிழமை முழுக்க நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வந்தால் எனக்கு உயிர் போய் வரும். தாத்தா பிழைத்தாரா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். தையல் அக்கா வீட்டுப் பக்கத்திலிருந்து ஏதோ சாமான் இழுக்கிற சத்தம் கேட்டது. மெஷினை வாசலுக்கு நகர்த்துகிறார் என்று புரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று காதைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. உருவின கீரையையே திரும்பத் திரும்ப உருவிக்கொண்டிருந்தாள். பிறகு தன் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தாள். தோல் இன்னும் சரியாகவில்லை.

"வெள்ளயா இருந்தது, ஈயமா?" என்றாள்.

"ஆமாம்மா."

எழுந்து போய் விளக்கேற்றினாள். ஆத்தா படத்தின் முன்னால் நின்றாள். என்ன வேண்டினாள் என்று தெரியாது. உதடு அசையவேயில்லை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள். நைனா கட்டிலிலிருந்து, "எங்கடி போற?" என்று கேட்டார். அம்மா கோயில் பக்கம் நடந்தாள்.

தையல் அக்கா வீட்டு வாசலில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து அன்றுதான் வந்த தர்மகர்த்தாவின் சம்சாரமும் இருந்தார். ஒரு ரிக்‌ஷாவில் மெஷின் ஏறியிருந்தது. தையல் அக்கா கட்டிலைத் தூக்க ஆளில்லாமல் தானே ஒரு பக்கம் பிடித்து நின்றார். யாரும் உதவவில்லை, யாரும் திட்டவும் இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம். கோயில் கொட்டகையிலிருந்து அம்மா அந்தப் பெரிய அண்டாவைப் படுக்கப் போட்டு உருட்டிக்கொண்டு வந்தாள். கல்லில் இடித்து இடித்து, கணகணவென்று, தெரு முழுக்க எதிரொலித்தது. தர்மகர்த்தா முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இன்னாம்மா இது?" என்றார் அவர்.

அவர் சம்சாரம் குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஈயத்த யாரு எடுத்தது? இதுலயா ராத்திரி பூரா கூழ ஊத்தி வெச்சீங்க? பச்சயா பூத்துக் கெடக்குதே! யாரு தேய்ச்சது இத்த?"

"நான்தான்" என்றாள் அம்மா. "அயுக்குன்னு நெனச்சேன். எங்க ஊட்ல இதெல்லாம் ஏது? ஆத்தாளுக்குச் சுத்தமா குடுக்கணும்னு தேய்ச்சேன். என் புருஷனுக்கும் நான்தான் ஊத்திக் குடுத்தேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. போலீசக் கூப்புடணும்னா என்னக் கூப்புடுங்க."

நான் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தர்மகர்த்தா அம்மாவைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போலீஸ் வரவில்லை. எதிர் வீட்டுத் தாத்தாவும் பிறகு தேறி வந்து பல வருஷம் இருந்தார், அதற்கு ஆத்தாளைத்தான் நான் கும்பிட வேண்டும். ஆனால் அந்த நிமிஷத்தில் அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. தெரியாமல்தான் சொன்னாள்.

நீங்கள் தேவாரம் சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் விடியற்காலையில் விளக்கேற்றித்தான் தண்ணீர் குடிக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவில் பெரியவர்கள் அத்தனை பேரும் நெற்றி நிறைய விபூதி வைத்திருந்தார்கள். எந்தப் பாத்திரம் என்று கேட்கத் தோன்றியது கொலைக்கதை படித்த ஒரு பெண்ணுக்குத்தான். மூன்றாவது மாடிக் குழந்தையிடம் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் கொஞ்சம்தான். தர்மகர்த்தா தையல் அக்காவிடம் போனார். கை கூப்பவில்லை, கூப்புகிற மாதிரி நின்றார். "சாமான எறக்கும்மா. தெரியாமப் பூட்ச்சி. அடுத்த வாரம் ஆத்தாளுக்கு மறுபடி கூழு ஊத்தலாம். நீயே கரை. மொதல் செம்பு நான் வாங்கிக் குடிக்கறேன்" என்றார்.

பால்காரம்மா ஓடிப்போய் ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து நீட்டினார். "குடிம்மா, வெயில்ல நின்னுகினு கீற."

தையல் அக்கா அந்த டம்ளரை வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை, பயந்த குழந்தை மாதிரி பார்த்தார். அம்மா பக்கம் திரும்பி, "நீ சொன்னியேக்கா, அது போதும்" என்றார். பிறகு தர்மகர்த்தாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"என் கையால நீங்க வாங்கிக் குடிப்பீங்க ஐயா. உங்க கையால நான் இனிமே எப்பிடிக் குடிப்பேன்?"

கட்டிலின் மறுபக்கத்தை அம்மா போய்த் தூக்கினாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள்.